மல்லிக்கு ஏதுப்பா விதை? மகரந்தத்திலிருந்து குளோனிங் வரை, மதுரையைச் சுற்றி

(ஆடியோ எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிப்போம். மதுரை மல்லியோட விதையை நீங்க எப்பவாவது பார்த்திருக்கீங்களா?

நல்லா யோசிச்சுப் பாருங்க. மாங்கொட்டை பார்த்திருக்கோம், புளியங்கொட்டையை வச்சு விளையாடியிருக்கோம், வேப்பங்கொட்டையைக் காலால மிதிச்சிருக்கோம். ஆனா தினமும் தெருவுல முழம் போட்டு விக்கிற மல்லிக்கு விதை எப்படி இருக்கும்? வலையங்குளம் பக்கம் மல்லித் தோட்டம் வச்சிருக்கிற ஒரு அம்மாகிட்ட இதையே கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, "மல்லிக்கு ஏதுப்பா விதை? எல்லாம் குச்சிதான். எங்க மாமியார் காலத்துலயும் குச்சிதான்"ன்னாங்க.

நான் பதினொன்னாவதுல கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். பயாலஜி பத்தாவதோட முடிஞ்சது. அதுக்கப்புறம் இன்ஜினியரிங், இப்போ முழுநேரமும் கோடு. அதனால அந்த அம்மா சொன்ன பதில் எனக்கு ரொம்ப வினோதமா இருந்தது. பூங்கிறதே விதை உண்டாக்குறதுக்கான உறுப்புதானே? ஊருக்கே பேர் வாங்கிக் கொடுத்த பூ, தன்னோட வேலையைச் செய்யவே இல்லையா? அப்போ செடி எப்படிப் பெருகுது? அதுல ஏதாவது ஆபத்து இருக்கா?

இன்னைக்கு எபிசோட் இதுதான். மதுரையைச் சுத்தி இருக்கிற பூசணி, பனை, முருங்கை, வாழை, மல்லி, இந்த அஞ்சை வச்சே தாவர இனப்பெருக்கம் முழுசையும் பார்த்துடலாம்.

பூவோட உண்மையான வேலை

ஒரு பூவுக்குள்ள ரெண்டு டிபார்ட்மென்ட் இருக்கு. ஆண் பகுதி மகரந்தத்தூளைத் தயாரிக்கும். பெண் பகுதிக்குச் சூலகம்னு பேர். அதோட உச்சியில ஒட்டுற மாதிரி ஒரு மேடை, அது சூல்முடி. நடுவுல ஒரு தண்டு. கீழே சூற்பை, அதுக்குள்ள சூல்கள். மகரந்தம் சூல்முடியில வந்து விழணும். அதுதான் மகரந்தச் சேர்க்கை.

பிரச்சினை என்னன்னா, செடியால நடக்க முடியாது. அதனால டெலிவரிக்கு ஆள் வைக்கணும். காத்து, தேனீ, வண்டு, அந்துப்பூச்சி, வௌவால்னு ஒவ்வொரு செடிக்கும் ஒரு டெலிவரி பார்ட்னர். யார் வர்றாங்களோ அவங்களுக்கு ஏத்த மாதிரி பூ இருக்கும். மல்லியையே எடுத்துக்கங்க. ஏன் வெள்ளை? ஏன் சாயங்காலத்துக்கு மேல விரியுது? ஏன் இருட்டின பிறகு வாசனை தூக்கலா அடிக்குது? இது மூணுமே ராத்திரி பறக்கிற அந்துப்பூச்சிகளைக் கூப்பிடுற பூக்களோட அடையாளம். இருட்டுல கலர் வேலைக்கு ஆகாது. வெள்ளையும் வாசனையும்தான் வேலைக்கு ஆகும்.

ஆனா நம்ம ஊர்ல அந்த அழைப்பு போய்ச் சேர்றதே இல்ல. விடியக்காலையிலேயே, அன்னைக்குச் சாயங்காலம் விரியப்போற மொட்டைப் பறிச்சு, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு அனுப்பிடறோம். மல்லி கடைசியில விரியுறது யாரோ ஒருத்தரோட கூந்தல்ல, இல்லாட்டி சாமி கழுத்துல.

பூசணிப் பூ ஏன் உதிருது?

மாடித் தோட்டம் வச்சிருக்கிறவங்க அடிக்கடி புலம்புற விஷயம் இது. "பூசணி நிறையப் பூக்குது, ஒண்ணுகூடக் காய்க்க மாட்டேங்குது, எல்லாம் உதிருது." உரம் போடுறாங்க, மருந்து அடிக்கிறாங்க. பெரும்பாலும் பிரச்சினை அங்க இல்ல.

பூசணியில ஆண் பூ தனி, பெண் பூ தனி. ரெண்டும் ஒரே கொடியிலதான் இருக்கும். வித்தியாசம் கண்டுபிடிக்கிறது ரொம்ப ஈஸி. பூவுக்குக் கீழே குட்டிப் பூசணி மாதிரி ஒரு உருண்டை இருந்தா அது பெண். வெறும் நீளக் காம்பு மட்டும் இருந்தா ஆண். ஆண் பூக்கள்தான் எண்ணிக்கையில அதிகம், அதெல்லாம் உதிரத்தான் செய்யும். மார்கழியில கோலத்து நடுவுல சாணி உருண்டையில வைக்கிறோமே, அதுக்கு ஆண் பூவாப் பார்த்துப் பறிச்சா ஒரு காய்கூட நஷ்டமாகாது.

பெண் பூவும் உதிருதுன்னா அர்த்தம் வேற. மூணாவது மாடிக்கு தேனீ வரலைன்னு அர்த்தம். பூசணிப் பூ அதிகாலையில விரிஞ்சு மதியத்துக்குள்ள சுருங்கிடும். அதனால காலையிலேயே ஒரு ஆண் பூவைப் பறிங்க, இதழைக் கிழிச்சு எடுங்க, நடுவுல இருக்கிற மஞ்சள் தூளைப் பெண் பூவோட சூல்முடியில சுத்தித் தடவுங்க. நல்லாத் தாராளமாத் தடவணும். ஏன்னா ஒரு விதைக்கு ஒரு மகரந்தத்தூள் வேணும். காய்க்குள்ள நூத்துக்கணக்குல விதை இருந்தா, நூத்துக்கணக்குல தூள் வந்து சேர்ந்திருக்குன்னு கணக்கு. கம்மியா விழுந்தா காய் ஒரு பக்கம் சூம்பிக் கோணலா வரும்.

பூசணியில ஒரே கொடியில ரெண்டு பாலும் இருக்கு. பனையில மரமே தனித்தனி. ஆண் பனை, பெண் பனை. நுங்கு தர்றது பெண் பனை மட்டும்தான், பதநீர் ரெண்டுலயும் இறக்கலாம். இதுல ஒரு சிக்கல். கொட்டையைப் பார்த்தோ கன்றைப் பார்த்தோ ஆணா பெண்ணான்னு சாதாரணமாச் சொல்ல முடியாது. பாளை விடுற வரைக்கும் காத்திருக்கணும், அதுக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல ஆகும். பனை நடுறவங்க தனக்காக நடுறதில்லன்னு பெரியவங்க சொல்றது சும்மா இல்ல.

நுங்கும் இளநீரும் யாருக்கான சாப்பாடு?

சரி, தூள் சூல்முடியில விழுந்தாச்சு. அடுத்து என்ன?

அந்தத் தூள் முளைக்க ஆரம்பிக்கும். அதுலயிருந்து ஒரு மெல்லிய குழாய் வளர்ந்து, தண்டு வழியாக் கீழே இறங்கி, சூலைத் தேடிப் போகும். மகரந்தக் குழாய்னு பேர். அதுக்குள்ள ரெண்டு ஆண் செல்கள் பயணம் பண்ணும். ஏன் ரெண்டு? முதலாவது, முட்டையோட சேர்ந்து கருவாகும். நாளைக்குச் செடியாகப்போறது அதுதான். இரண்டாவது, சூலுக்கு நடுவுல இருக்கிற இன்னும் ரெண்டு உட்கருக்களோட சேர்ந்து ஒரு சாப்பாட்டுத் திசுவை உண்டாக்கும். அதுக்குப் பேர் கருவூண் திசு. அம்மாகிட்டயிருந்து ரெண்டு செட், அப்பாகிட்டயிருந்து ஒரு செட், மொத்தம் மூணு செட் குரோமோசோம் அதுல இருக்கும். இந்த 'இரட்டைக் கருவுறுதலை' 1898-ல நவாஷின்ங்கிற ரஷ்யத் தாவரவியலாளர் கண்டுபிடிச்சார்.

இது என்னடா பாடப்புத்தகம் மாதிரி இருக்குன்னு நினைக்காதீங்க. இந்தக் கருவூண் திசுவைத்தான் நாம தினமும் சாப்பிடறோம். பாலிஷ் பண்ணின அரிசி முழுக்க அதுதான். நெல்லோட கரு ஓரத்துல சின்னப் பொட்டு மாதிரி இருக்கும், மில்லுல அது தவிட்டோட போயிடும். நுங்கு என்பது முத்தாத பனங்கொட்டையோட கருவூண் திசு. இளநீர்த் தண்ணியும் உள்ள இருக்கிற வழுக்கையும் அதேதான். தென்னை தன் பிள்ளைக்குக் கட்டி வச்ச டிபன் பாக்ஸை நாம வெயிலுக்குக் குடிச்சிடறோம், அவ்வளவுதான்.

இளநீரை மட்டும் மனசுல வச்சுக்கங்க. கொஞ்ச நேரத்துல அது வேற ஒரு இடத்துல வரும்.

பருப்பு வகை வேற டைப். உளுந்துலயும் பயறுலயும் கரு வளரும்போதே அந்தச் சாப்பாட்டை உறிஞ்சி, தன்னோட ரெண்டு விதையிலைக்குள்ள பத்திரப்படுத்திடும். உளுந்தை உடைச்சா வர்ற ரெண்டு பாதி அந்த விதையிலைகள்தான்.

முளைப்பாரி சொல்லித் தர்ற பாடம்

விதைங்கிறது தூங்குற செடி. எழுப்புறதுக்கு முதல்ல தண்ணி வேணும். தண்ணி உள்ள போனதும் விதை ஊதும், நொதிகள் வேலையை ஆரம்பிச்சு மாவைச் சர்க்கரையா உடைக்கும், அந்தச் சக்தியில முதல்ல வேர் வெளிய வரும், அப்புறம் தளிர். தண்ணி, காத்து, சரியான சூடு, இந்த மூணும் இருந்தா பெரும்பாலான விதைகள் முளைச்சிடும். ஆரம்பத்துல வெயிலும் வேண்டாம், உரமும் வேண்டாம். டிபன் பாக்ஸ் கையில இருக்கே!

இதை நம்ம ஊர்ல திருவிழாவாவே கொண்டாடுறோம். மதுரைப் பக்கம் மாரியம்மன் கோயில் பொங்கலுக்கு முளைப்பாரி போடுறாங்க இல்லையா? நவதானியத்தை ஓட்டுலயோ பானையிலயோ போட்டு, வெயில் படாத அறையில ஒரு வாரம், பத்து நாள் வளர்ப்பாங்க. எடுத்துட்டு வரும்போது பார்த்தா வெளிர் மஞ்சள்ல, ஒல்லியா, நெடுநெடுன்னு நிக்கும். காரணம் இருட்டு. வெளிச்சம் இல்லைன்னா முளை பச்சையத்தைத் தயாரிக்காது. இருக்கிற சேமிப்பு மொத்தத்தையும் உயரத்துல கொட்டி வெளிச்சத்தைத் தேடும். வெயில்ல வச்சா அதே பயறு குட்டையா, பச்சையா, தடிமனா வளரும்.

இன்னொரு விஷயமும் இதுல இருக்கு. விதைப்புக்கு முன்னாடி ஊர்ல இருக்கிற தானியத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தா, எது நல்லா முளைக்குது, எது சொத்தைன்னு தெரிஞ்சிடும். நம்ம பாஷையில சொன்னா, புரொடக்‌ஷனுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் ரன்.

முளைக்கிறதுல பனைதான் பெரிய கில்லாடி. ஆவணி, புரட்டாசியில விழுற பனங்கொட்டையை மண்ணுல புதைச்சா, அது மேல வராது. முதல்ல கீழே போகும். கொட்டையிலயிருந்து ஒரு குழாய் மாதிரி இறங்கி, கருவோட வளர்நுனியையே மண்ணுக்குள்ள ஆழமாக் கொண்டு போய் வைக்கும். அங்கதான் மாவைச் சேர்த்துத் தடிமனான முளை உருவாகும். அதுதான் பொங்கலுக்கு நாம அவிச்சுத் தின்கிற பனங்கிழங்கு. அதே நேரம் கொட்டைக்குள்ள பஞ்சு மாதிரி, லேசாத் தித்திப்பா ஒண்ணு வளர்ந்திருக்கும், தவுண்னு சொல்லுவாங்க. கொட்டையில இருக்கிற சாப்பாட்டை உறிஞ்சிக் கீழே அனுப்புற பம்ப் அது. வெயிலும் ஆடு மாடும் எட்டாத ஆழத்துல உயிரைப் பத்திரப்படுத்தின பிறகுதான் பனை மேல இலை விடும். வறண்ட பூமிக்குன்னே எழுதின புரோகிராம்.

விதை வேண்டாம், குச்சி போதும்

இதுவரைக்கும் பார்த்தது அப்பா, அம்மா ரெண்டு பேரும் இருக்கிற வழி. ஒவ்வொரு விதையிலயும் ரெண்டு பக்கத்து மரபணுவும் கலைச்சுப் போட்ட சீட்டுக்கட்டு மாதிரி புதுசா வரும். அதனால பிடிச்ச மாம்பழத்தோட கொட்டையைப் போட்டா அதே மாம்பழம் கிடைக்கும்னு நம்ப முடியாது. நல்லாவும் வரலாம், புளிச்சும் போகலாம். அதனாலதான் தோப்பு வைக்கிறவங்க ஒட்டுக்கன்று தேடுறாங்க.

இரண்டாவது வழி, காப்பி பேஸ்ட். நம்ம ஊர்ல இதுக்குச் சிறந்த உதாரணம் முருங்கைப் போத்து. கிளையை வெட்டி நட்டா அதுவே மரம். புது மரம் பழைய மரத்தோட பிள்ளை இல்ல, பழைய மரமேதான். மரபணு அப்படியே ஒண்ணு. குளோன்னு சொன்னா உடனே டாலி ஆடும் சயின்ஸ் ஃபிக்‌ஷனும் ஞாபகத்துக்கு வருது. ஆனா நம்ம பாட்டிங்க கொல்லைப்புறத்துல செஞ்சதும் குளோனிங்தான்.

இது எப்படி வேலை செய்யுது? தண்டோட நுனியில ஆக்ஸின்னு ஒரு ஹார்மோன் உண்டாகிக் கீழ்நோக்கிப் போயிட்டே இருக்கும். குச்சியை வெட்டினதும் அது போக வழியில்லாம வெட்டுவாய்கிட்ட தேங்கும். அந்த ஆக்ஸின் அங்க இருக்கிற தண்டு செல்களுக்கு ஒரு புது வேலை கொடுக்கும்: "இனிமே நீ வேர்." மிருகங்கள்ல பெரும்பாலான செல்கள் ஒரு வேலைக்கு வந்துட்டா அதோட சரி. தாவர செல் அப்படி இல்ல. வேரா, இலையா, முழுச் செடியாக்கூட மாறுற திறமை அதுக்குள்ள இருக்கு. நர்சரியில குச்சியோட அடியை ஒரு பவுடர்ல முக்கி நடுறாங்களே, அது இதே ஆக்ஸின் வகை மருந்துதான்.

இந்தத் திறமை உண்மையான்னு விஞ்ஞானிகள் ரொம்ப நாள் தேடினாங்க. 1902-ல ஹேபர்லாண்ட்ங்கிறவர், ஒரே ஒரு செல்லுலயிருந்து முழுத் தாவரம் வளர முடியணும்னு சொன்னார், ஆனா அவரால செஞ்சு காட்ட முடியல. 1958-ல அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்துல எஃப். சி. ஸ்டூவர்டோட குழு, கேரட் கிழங்கோட செல்களைத் தனியா வளர்த்து முழுச் செடியா உருவாக்கிக் காட்டினாங்க. அந்தச் செல்களுக்கு ஊட்டின திரவத்துல என்ன இருந்தது தெரியுமா? இளநீர்! குட்டிக் கருவை வளர்க்கிறதுக்காகத் தென்னை சேர்த்து வச்ச அந்தத் தண்ணியில, செல்களைப் பிரிஞ்சு பெருகச் சொல்ற சைட்டோகைனின் ஹார்மோன் இருக்கு. சொந்தப் பிள்ளைக்கு வச்ச சாப்பாடு, கேரட்டோட செல்லையும் வளர்த்து விட்டுடுச்சு.

இன்னைக்கு திசு வளர்ப்பு லேப்கள்ல ஆக்ஸினையும் சைட்டோகைனினையும் ரெண்டு வால்யூம் குமிழ் மாதிரி திருகுறாங்க. ஆக்ஸின் தூக்கினா வேர் வரும், சைட்டோகைனின் தூக்கினா தளிர் வரும். தேனி மாவட்டத்துல கண்ணுக்கெட்டுற தூரம் ஒரே உயரத்துல நிக்கிற ஜி-9 வாழைத் தோட்டங்கள் இப்படி பாட்டில்ல பிறந்த கன்றுகள்தான்.

தங்கச்சிமடத்துல இருந்து மதுரைக்கு

இப்போ மல்லிக்கு வருவோம். மல்லியில விதை பிடிக்கிறது ரொம்ப அபூர்வம். நாம மொட்டைப் பறிக்கிறது ஒரு காரணம்னாலும், பறிக்காம விட்ட பூவுலயும் காய் பார்க்கிறது அரிது. மல்லி இனத்துல சில ரகங்களுக்கு மூணு செட் குரோமோசோம். ஜோடி சேர வேண்டிய இடத்துல மூணு பேர் இருந்தா கணக்கு ஒத்து வராது, நல்ல மகரந்தமும் முட்டையும் உருவாகாது. அடுக்கு மல்லி மாதிரி இதழ் அடுக்கடுக்கா இருக்கிற பூக்கள்ல, மகரந்தம் தர வேண்டிய உறுப்புகளே இதழா மாறிப்போயிடும். நமக்கு அழகு, செடிக்கு இழப்பு. தலைமுறை தலைமுறையா நாம தேர்ந்தெடுத்தது பூவோட பருமனையும் வாசனையையும்தான். விதை பிடிக்குதான்னு யாரும் பார்க்கல, பார்க்க வேண்டிய அவசியமும் இல்ல. குச்சிதான் இருக்கே.

அந்தக் குச்சிகளோட தலைநகரம் மதுரை இல்லைங்கிறது எனக்கு ஆச்சரியமா இருந்தது. இங்கிருந்து 160 கிலோமீட்டர் தள்ளி, பாம்பன் தீவுல இருக்கிற தங்கச்சிமடம். ராமேஸ்வரம் போற வழியில பாலம் தாண்டினதும் வர்ற அதே ஊர். அங்க மணல் பாங்கான நிலத்துல மல்லிக் குச்சிகளைப் பாத்தி கட்டி நெருக்கமா நட்டு, வேர் பிடிக்க வச்சு, நாற்றாக் கட்டி அனுப்புறது பல குடும்பங்களோட தொழில். மதுரை, திண்டுக்கல் பக்கம் மட்டுமில்லாம வெளி மாநிலங்களுக்கும் போகுது. வேளாண் கையேடுகள்ல இந்த ரகத்துக்குப் பேரே ராமநாதபுரம் குண்டுமல்லி.

அப்போ மதுரை மல்லிங்கிறது பொய்யா? இல்ல. 2013-ல மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. அந்தக் குறியீடு பாதுகாக்குறது செடியோட மரபணுவை இல்ல, ஊரோட பேரை. ஒரே கோடை ரெண்டு வேற சர்வர்ல ஓட்டினா பெர்ஃபார்மன்ஸ் வேற வேறயா இருக்கும் இல்லையா? அதே மாதிரி ஒரே குளோன் வேற மண்ணு, வேற தண்ணி, வேற வெயில்ல வேற மாதிரி பூக்கும். மதுரைச் சுத்துவட்டாரத்துல வளர்றதுக்கு இதழ் தடிப்பு, வாசனை, வாடாம நிக்கிற திறன், எல்லாம் தனிங்கிறதுதான் அந்தக் குறியீட்டுக்குப் பின்னால இருக்கிற வாதம்.

காப்பி பேஸ்ட்டோட விலை

குளோன்ல லாபம் தெளிவாத் தெரியுது. எந்தச் செடி நல்லாப் பூக்குதோ அது அப்படியே கிடைக்கும். விதையிலயிருந்து வளர காத்திருக்க வேண்டாம். ஆனா கோடு எழுதுற எல்லாருக்கும் ஒரு விஷயம் தெரியும். ஒரு ஃபங்ஷனை நூறு இடத்துல காப்பி பண்ணினா, அதுல இருக்கிற பக்கும் நூறு இடத்துக்குப் போகும்.

1845-ல அயர்லாந்துல உருளைக்கிழங்குக்கு ஒரு நோய் வந்தது. அங்க ஏழைங்க நம்பியிருந்தது பெரும்பாலும் ஒரே ரகத்தை, கிழங்கை நட்டே பெருக்கின குளோனை. ஒரு செடியை வீழ்த்தின நோய் எல்லாத்தையும் வீழ்த்துச்சு. அடுத்த சில வருஷத்துல ஏறக்குறைய பத்து லட்சம் பேர் பசியிலயும் அதையொட்டி வந்த நோயிலயும் செத்தாங்க. அரசியலும் நில உரிமையும் அந்தச் சாவுகளுக்குப் பெரிய காரணம்தான். ஆனா திரி பத்திக்கிட்டது ஒரே மாதிரி இருந்த வயல்கள்ல.

இவ்வளவு தூரம் போக வேண்டாம். மதுரையிலயிருந்து ரெண்டு மூணு மணி நேரத்துல பழனி மலை. அங்க விளையுற விருப்பாச்சி மலைவாழைதான் பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பேர் போன பழம். அந்த வாழைக்கும் சிறுமலை வாழைக்கும் 2008-ல புவிசார் குறியீடு கிடைச்சது. வாழையும் மூணு செட் குரோமோசோம் கேஸ், அதனால விதை இல்ல, பக்கக்கன்றை எடுத்து நடுறதுதான் வழி. அங்க முடிக்கொத்து நோய்னு ஒரு வைரஸ் நோய் புகுந்தது. இலையெல்லாம் குட்டையாகி உச்சியில கொத்தா நிக்கும், குலை தள்ளாது. அசுவினிப் பூச்சி அதை மரத்துக்கு மரம் கொண்டு போச்சு. ஆனா தோட்டத்துக்குத் தோட்டம் கொண்டு போனது பெரும்பாலும் மனுஷங்கதான். பார்க்க நல்லா இருந்த கன்றுக்குள்ள வைரஸ் ஒளிஞ்சிருந்தது. மலையில வாழைப் பரப்பு பெருமளவு சுருங்கிப்போச்சு.

காப்பாத்தினதும் குளோனிங்தான்ங்கிறது இதுல சுவாரசியம். வைரஸ் பிடிச்ச செடியிலகூட வளர்நுனியோட உச்சிப் பகுதி பல நேரம் வைரஸ் இல்லாம சுத்தமா இருக்கும். கடுகை விடச் சின்னதான அந்த நுனியை வெட்டி பாட்டில்ல வளர்த்து, டெஸ்ட் பண்ணி, சுத்தமான கன்றுகளை உருவாக்கலாம். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்துல விருப்பாச்சிக்கு இதைச் செஞ்சு, நோயில்லாத கன்றுகளைத் திரும்ப மலைக்கு அனுப்பினாங்க. அதாவது, பக் இருந்த காப்பியைத் தூக்கிட்டு க்ளீன் பேக்கப்லயிருந்து ரீஸ்டோர்.

முருங்கை திரும்பின பாதை

இதுக்கு நேர் எதிர்த் திசையில போன கதையும் நம்ம பக்கத்துலதான் நடந்தது. முருங்கை பெரும்பாலும் போத்து நட்டே வளர்த்த மரம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில விதை போட்டு வளர்க்கிற ஒரு முருங்கையைத் தேர்ந்தெடுத்து, 1989-ல பி.கே.எம்-1ன்னு வெளியிட்டாங்க. பி.கே.எம்.னா பெரியகுளம். நட்ட ஆறு மாசத்துல காய், மரத்துக்கு வருஷத்துல சுமார் 220 காய். செடி முருங்கைன்னு நாம சொல்றது இதைத்தான். போத்து நூறு எடுக்கணும்னா ஒரு மரத்தையே மொட்டையடிக்கணும், விதையோ பையில போட்டு எங்க வேணும்னாலும் அனுப்பலாம். அதனாலதான் இது உலகம் பூராவும் பரவிச்சு.

ஆனா விதைக்கும் ஒரு நிபந்தனை இருக்கு. முருங்கைப் பூவுக்கு தேனீயும் வண்டும் வரணும். அவங்க பக்கத்து வீட்டு மர முருங்கைத் தூளையும் கொண்டு வருவாங்க. அதனால தோட்டத்துல தானா எடுத்த விதை, அடுத்த தலைமுறையில அச்சு அசலா அம்மா மாதிரியே இருக்கும்னு கேரண்டி இல்ல. மாற்றம் விதையோட பலம், தொழில்னு வரும்போது அதே மாற்றம் தலைவலி.

அப்போ மல்லி?

என் புரிதல் இதுதான். பனைக்கு விதை மட்டும்தான் வழி, குச்சி வெட்டி நட முடியாது. முருங்கைக்கு ரெண்டு வழியும் திறந்திருக்கு. மல்லிக்கு ஒரே வழி, குச்சி. அதுவும் அந்தக் குச்சியை வெட்டி நட ஒரு மனுஷன் வேணும். நாம எல்லாரும் நாளைக்கு மல்லியை மறந்துட்டா, பனை இருக்கும், முருங்கை எப்படியும் இருக்கும், மல்லித் தோட்டம் தானா இன்னொரு இடத்துல முளைக்காது.

குளோன் மாறவே மாறாதுன்னும் இல்ல. எப்பவாவது ஒரு கிளையில மட்டும் மரபணு தற்செயலா மாறி, பூ வித்தியாசமா வரும். கண்ணு கூர்மையான விவசாயி அதைத் தனியா வெட்டி நட்டு ஒரு புது ரகத்தையே உண்டாக்கிடுவார். ஆனா அது லாட்டரி. விதை மாதிரி வருஷா வருஷம் சீட்டு கலையறதில்ல. புது நோயோ, தாங்க முடியாத வெயிலோ வந்தா, கைவசம் எத்தனை வகை தாய்ச்செடி இருக்குங்கிறதுதான் கேள்வி.

அதனால மூணு விஷயம் முக்கியம்னு தோணுது. ஒண்ணு, நாற்று எங்கேயிருந்து வருது, தாய்ச்செடி ஆரோக்கியமான்னு கேட்டு வாங்குறது. விருப்பாச்சி மலையில நடந்ததே இதுக்குப் போதுமான பாடம். இரண்டு, வீட்டுக் கொல்லையில, கோயில் நந்தவனத்துல இருக்கிற பழைய மல்லி, முல்லை, பிச்சி ரகங்களை அழிய விடாம வச்சிருக்கிறது. அதுதான் நம்ம பேக்கப். மூணு, மொட்டுப்புழுவுக்கு அடிக்கிற மருந்து. மல்லிக்கு தேனீ தேவையில்லைன்னாலும், பக்கத்து வயல்ல இருக்கிற பூசணிக்கும் முருங்கைக்கும் தேனீதான் உயிர். குளோனை நம்புறவர் அடிக்கிற மருந்து, விதையை நம்புறவரோட தோட்டத்தையும் தொடும்.

நீங்க விவசாயம் பண்ணலைன்னாலும் ஒண்ணு செஞ்சு பார்க்கலாம். ஒரு தொட்டியில நாலு பயறு போடுங்க. பக்கத்துல இன்னொரு தொட்டியில, நாலு கணு இருக்கிற மல்லிக் குச்சியை, ரெண்டு கணு மண்ணுக்குள்ள போற மாதிரி நட்டு, நிழல்ல வச்சு, ஈரம் காயாமப் பார்த்துக்கங்க. பயறு ரெண்டு மூணு நாள்ல எட்டிப் பார்க்கும். குச்சி வாரக்கணக்குல சும்மா நிக்கும். பிடிச்சிருக்கான்னு பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்காதீங்க, புதுத் தளிர் விடுற வரைக்கும் பொறுங்க. முளைச்ச பயறு இதுக்கு முன்னாடி உலகத்துல இல்லாத ஒரு செடி. தளிர்விட்ட குச்சி, யாரோ ஒரு பாட்டி எப்பவோ நட்ட செடியோட தொடர்ச்சி.

குச்சி தளிர் விட்டதும் போட்டோ அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல, மழையே இல்லாத வருஷத்துல வைகைப் பாசனக் கண்மாய்கள் எப்படித் தண்ணியைப் பங்கு போட்டுக்குதுன்னு பேசுவோம். அதுவரைக்கும், வணக்கம்!